ஸ்டீவன்ஸ் வென்ற வழக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. மேலவீட்டுப் பத்திரம் இன்னும் அலுவலகத்திலேயே கிடக்கிறது. வேறு சேதி இல்லை. தீபாவளிக்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. மருமகளும் பாப்பாவும் பேசுகிறார்கள். நான் கேட்கும்போதெல்லாம் நீ வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாய், அல்லது உறங்கிவிட்டாய். தொலைபேசியில் சொன்னால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவாய். எழுதிக் கொடுத்தால் கடைசி வரி வரை படிப்பாய். ஆகவே எழுதுகிறேன்.

பென்சில்வேனியா மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிடும்படி உன்னைக் கேட்டிருக்கிறார்கள் என்று மருமகள் சொன்னாள். அப்பா அதைத் தெரு முழுவதும் சொல்லிவிட்டார். கைக்குக் கிடைத்த பொட்டலத் தாளையெல்லாம் விரித்துவைத்துப் படித்த பிள்ளை, ஹாரிஸ்பர்க்கில் சட்டம் இயற்றும் அவையில் உட்காரப் போகிறான் என்று நினைக்கும்போது எனக்கு வேறு எதுவும் வேண்டாம் என்றுதான் தோன்றுகிறது. அதோடு அவள் இன்னொன்றும் சொன்னாள். அதைப் பற்றி நான் கேட்கப் போவதில்லை. வக்கீலின் கட்டு வக்கீலுக்குத்தான் தெரியும், கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை அவர் வீட்டில் பேசக் கூடாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். நான் எழுத வந்தது, அடிமை முறையை எதிர்த்து நின்ற உங்கள் மாநிலத்து அந்தக் கால வக்கீல் தாடியஸ் ஸ்டீவன்ஸைப் பற்றி.

நீ என்னை லங்காஸ்டருக்கு அழைத்துப் போய் அவருடைய கல்லறையைக் காட்டினாயே, அதற்குப் பிறகு உங்கள் ஊர் நூலகத்தில் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பள்ளியில் நான் வரலாறு நடத்திய நாட்களில் அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றால் லிங்கன் என்ற ஒரே பெயரோடு பாடத்தை முடித்துவிடுவோம். போர் முடிந்த பிறகு மூன்று ஆண்டுகள் யார் முதுகில் அந்தப் பாரம் ஏறியது என்று புத்தகத்தில் இருக்காது, நாங்களும் தேடியதில்லை. ஸ்டீவன்ஸின் பெயரை அங்கு வந்து தெரிந்துகொண்டதற்கு நீதான் காரணம். அந்த நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர் வெர்மாண்ட் மாநிலத்து டான்வில்லில் 1792 ஏப்ரல் 4ஆம் தேதி பிறந்தவர். பிறவியிலேயே ஒரு பாதம் வளைந்திருந்தது. தகப்பனார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். நான்கு ஆண் பிள்ளைகளையும் தாய் சாரா தனியாக வளர்த்தாள். இந்தப் பையனால் வயலில் நின்று உழைக்க முடியாது, ஆகையால் இவனைப் படிக்கவைத்தே தீர வேண்டும் என்று முடிவு செய்து, பள்ளிக்கூடம் இருந்த பீச்சம் என்ற ஊருக்குக் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு போனாள். தன்னைப் படிக்கவைப்பதற்காக அவள் இரவும் பகலும் உழைத்தாள் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1814இல் டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் வாங்கி, பென்சில்வேனியாவுக்கு வந்து, யார்க் நகரத்தில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே சட்டம் படித்து, 1816இல் கெட்டிஸ்பர்க்கில் அலுவலகம் திறந்தார். அப்போது அது போரின் பெயரால் உலகம் அறிந்த ஊர் ஆகவில்லை. வெளியூரிலிருந்து வந்து உட்கார்ந்த கால் ஊனமுள்ள இளைஞருக்கு யாரும் முதல் நாளே வழக்குக் கொடுத்துவிடவும் இல்லை. அடுத்த ஆண்டு ஒரு கொலை வழக்கில், குற்றவாளியின் மனநிலை சரியில்லை என்று வாதாடினார். கட்சிக்காரர் தூக்கிலிருந்து தப்பவில்லை. ஆனால் வாதத்தைக் கேட்ட ஊர் இந்த வக்கீலின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டது.

இனிதான் நான் உனக்குச் சொல்ல வேண்டிய இடம். 1821இல் அவருக்கு இருபத்தொன்பது வயது. சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் விடுதலை கேட்டு வழக்குத் தொடர்ந்திருந்தாள். பென்சில்வேனியா 1780இல் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டம் கொண்டுவந்தது உனக்குத் தெரியும். வெளிமாநிலத்து எசமானர் ஓர் அடிமையை இந்த மாநிலத்துக்குள் கொண்டுவந்து ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அந்த அடிமைக்கு விடுதலை என்பது அதில் ஒரு விதி. சாரிட்டி மேரிலாந்தில் அடிமையாக இருந்தவள். அவளை வேலைக்கு வைத்திருந்த குடும்பம் அவளைக் கூட்டிக்கொண்டு பென்சில்வேனியாவுக்குப் பலமுறை வந்து தங்கிப் போயிருந்தது. அந்தத் தங்கல்களை எல்லாம் கூட்டினால் ஆறு மாதத்தைத் தாண்டும் என்பது அவள் பக்கத்து வாதம். எசமானர் பக்கத்து வக்கீல் ஸ்டீவன்ஸ். ஆறு மாதமும் இடைவெளி இல்லாமல் தொடர்ந்து தங்கியிருந்தால்தான் விதி பொருந்தும் என்று அவர் வாதாடினார். மாநில உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. சாரிட்டியும் பிள்ளைகளும் அடிமைகளாகவே திரும்பினார்கள்.

நாள் கணக்குதான் தம்பி. சட்டத்தின் நோக்கத்தைப் பற்றி அங்கே யாரும் தீர்மானிக்க வேண்டியிருக்கவில்லை. நாட்களை எப்படிக் கூட்டுவது என்று மட்டும் தீர்மானித்தார்கள். வாதத்தில் பிழை சொல்ல முடியாது. தொழில் தெரிந்த எவரும் அந்த இடத்தைத்தான் பிடித்திருப்பார்கள், நீயும் பிடித்திருப்பாய். உன் தாத்தா உயிரோடு இருந்திருந்தால், கோர்ட்டு வராந்தாவில் காலம் கழித்தவர், "சரியான பாயிண்ட்" என்று தலையாட்டியிருப்பார். நோட்டீஸ் எந்தத் தேதியில் ஒட்டப்பட்டது, பதில் எந்தத் தேதிக்குள் வந்திருக்க வேண்டும் என்ற கணக்கில் முப்பது வாடகைக் குடித்தனக்காரர்களை வெளியேற்ற முடியும் என்றால், அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் கெட்டிக்காரர் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களில் பூட்டானிலிருந்து அகதிகளாக வந்தவர்களும் இருந்தார்கள், பாப்பாவோடு படித்த ஒரு பெண்ணின் குடும்பமும் இருந்தது என்று மருமகள் சொன்னாள். கேட்கப் போவதில்லை என்று எழுதிவிட்டு எழுதுகிறேன், மன்னித்துக்கொள். ஸ்டீவன்ஸுக்கே திரும்புகிறேன்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு வந்த ஆண்டுகளில் அவர் நடந்துகொண்ட விதத்தை நான் மீண்டும் மீண்டும் படித்தேன். இரண்டே ஆண்டு கழித்து, 1823 ஜூலை நான்காம் தேதி விருந்தில், அடுத்து வரும் ஜனாதிபதி எந்த மனிதனுக்கும் விலங்கு பூட்டாதவராக இருக்கட்டும் என்று எழுந்து வாழ்த்தினார். மேரிலாந்து எல்லையை ஒட்டிய ஊர் அது. அந்தப் பேச்சு தொழிலுக்கு லாபம் தரக்கூடியது என்று எண்ண இடமில்லை. அதன் பிறகு எல்லை தாண்டி ஓடிவந்தவர்களுக்காக வாதாடும் வக்கீல் என்று அவரைத் தேடி வரத் தொடங்கினார்கள். அவர் சாரிட்டியின் வழக்கில் கற்ற நாள் கணக்கும் விதி நுணுக்கமும் எங்கும் போய்விடவில்லை; பயன்பட்ட பக்கம் மாறியது. நான் அவரைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் இதுதான். தொழிலை விடு என்று நான் உனக்கு எந்நாளும் சொல்லமாட்டேன். நீ வழக்கை எடுக்கும்போது எதிரே நிற்பது யார் என்று ஒரு முறை பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்கிறேன்.

1833இல் அவர் மாநிலப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நீ போக நினைக்கும் அதே சபை. கட்டடம் மட்டும் 1897இல் தீப்பிடித்து எரிந்த பின் புதிதாகக் கட்டியது. இலவசப் பொதுப் பள்ளிகளுக்கான சட்டம் 1834இல் வந்தது. வரி கட்ட வேண்டுமே என்று ஊர்கள் கொதித்தன. மறு ஆண்டே மாநில மேலவையான செனட் அதை ரத்து செய்ய வாக்களித்துவிட்டது. 1835 ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் எழுந்து பேசினார். ஏழைப் பிள்ளைகளின் பெயரைத் தனியாகப் பட்டியல் போட்டு, தருமத்துக்குப் படிப்பவர்கள் என்று முத்திரை குத்திப் படிக்கவைப்பது அந்தப் பிள்ளைகளை அவமதிப்பது என்று வாதாடினார். பிள்ளை இல்லாதவர் ஏன் பள்ளிக்கு வரி கட்ட வேண்டும் என்ற கேள்விக்கு, சிறைக்கும் நீதிமன்றத்துக்கும் குற்றமே செய்யாதவரும் வரி கட்டுகிறார் அல்லவா என்று பதில் சொன்னார். சபை ரத்துக்கு இணங்கவில்லை, பள்ளிகள் பிழைத்தன. தன் வாழ்நாளில் செய்த காரியங்களில் இதையே அவர் பெருமையாக நினைத்தார். பள்ளிக்கூடத்துக்காக ஒரு தாய் ஊர் பெயர்ந்து போனதை நினைத்துக்கொண்டு அந்தப் பேச்சைப் படித்தால் உனக்கும் கண் கலங்கும்.

1837-38இல் மாநிலத்தின் அரசமைப்பைத் திருத்தக் கூடிய மாநாட்டிலும் அவர் உறுப்பினர். வாக்குரிமை வெள்ளையருக்கு மட்டும் என்று எழுதினார்கள். அதுவரை அந்தச் சொல் அங்கே இல்லை. மாதக்கணக்காக உட்கார்ந்து உழைத்த ஆவணத்தில் ஸ்டீவன்ஸ் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். வென்ற வழக்குகளை எண்ணுவது போல், போடாத கையெழுத்தையும் ஒரு வக்கீலின் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவரை நான் தெய்வமாக்கவில்லை. சூதாட்டப் பழக்கம் உண்டு. நாக்கு கொடியது; எதிரியை அவமானப்படுத்தாமல் விடமாட்டார். மேசன்களின் ரகசியச் சங்கத்துக்கு எதிராக ஆண்டுக்கணக்கில் அளவுக்கு மீறி விரட்டிக்கொண்டிருந்தார். இரும்பு உலைத் தொழிலில் பணத்தைப் போட்டுப் பெருங்கடனாளியாகி, 1842இல் நல்ல வருமானம் தேடி லங்காஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். பெரியமாமாவை நினைத்துக்கொள், அந்த மாதிரிக் கடன். ஆனால் வக்கீல் தொழிலிலேயே சம்பாதித்து மீண்டார். உன்னால் நிற்க முடியும் என்பதற்குத்தான் இதையும் சொல்கிறேன். ஒரு கம்பெனி தரும் வழக்குகளை விட்டால் வீட்டுக் கடன் என்னாகும் என்று நீ கவலைப்படுவது எனக்குப் புரியாமல் இல்லை.

லங்காஸ்டர் வீட்டில் லிடியா ஹாமில்டன் ஸ்மித் என்ற கலப்பின விதவை அவருடைய வீட்டையும் அலுவல்களையும் கடைசிவரை கவனித்துக்கொண்டார். ஊர் எதையெதையோ பேசியது. அதில் நமக்கு வேலை இல்லை. அந்த அம்மையார் சொந்தமாகச் சொத்து வாங்கி நிர்வகித்தவர், ஸ்டீவன்ஸ் இறந்த பின் அந்த வீட்டையே விலைக்கு வாங்கினார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. அந்த வளாகத்தின் பின்புறத்தில் தோண்டியபோது கிடைத்த தண்ணீர்த் தொட்டி, ஓடிவந்தவர்களை ஒளித்துவைக்கப் பயன்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பகலில் சட்டப் புத்தகத்தோடு கோர்ட்டுக்குப் போனவர் அந்த வீட்டுக்காரர்.

1848இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1851 செப்டம்பரில் லங்காஸ்டர் மாவட்டத்துக் கிறிஸ்டியானாவில், ஓடிப்போன அடிமைகளைப் பிடிக்க மேரிலாந்திலிருந்து வந்த எட்வர்டு கோர்சச் என்ற எசமானர், எதிர்த்து நின்றவர்களால் கொல்லப்பட்டார். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் மீது தேசத்துரோக வழக்கு. பிடிப்பவர்களுக்கு உதவ மறுத்தார் என்பதற்காக காஸ்ட்னர் ஹான்வே என்ற வெள்ளை இன மாவு மில்காரரை முதலில் நிறுத்தினார்கள். விசாரணை நடந்த இடம் பிலடெல்பியாவில் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட அதே கட்டடம். நீ எனக்கு மாடியைக் காட்டினாய். ஸ்டீவன்ஸ் இருந்த வக்கீல் குழு எதிர்வாதம் செய்தது. ஜூரிகள் ஏறக்குறைய கால் மணி நேரத்திலேயே பேசி முடித்து, குற்றமற்றவர் என்றார்கள். அந்த வெற்றியோடு அரசியல் வாழ்வு உயர்ந்திருக்கும் என்று நினைப்பாய். 1853இல் அவர் காங்கிரசை விட்டு வெளியே நின்றார். அடிமை முறையை அவர் எதிர்த்த வேகம் சொந்தக் கட்சியினருக்கே பொறுக்கவில்லை. 1859இல்தான், குடியரசுக் கட்சிக்காரராக, அறுபத்தேழு வயதில் திரும்பி வந்தார். உனக்கு நாற்பது நடக்கிறது. இந்தத் தேர்தல் போனால் வேறு தேர்தல் வரும்.

போர்க்காலத்தில் நிதிக் குழுவின் தலைவராக இருந்து படைக்குப் பணம் திரட்டினார். 1863 ஜூனில் பிரிந்துபோன தென்மாநிலங்களின் படை ஜெனரல் ஜூபல் ஏர்லி, கலிடோனியாவில் இருந்த அவருடைய இரும்பாலையைத் தேடி வந்து கொளுத்திவிட்டுப் போனார். நாடு முழுவதும் ஒன்றாகி அடிமை முறையின் சுவடே இல்லாமல் போகுமானால் இந்த நஷ்டம் மலிவான விலைதான் என்று அவர் எழுதினார். 1865 ஜனவரி 31 அன்று அடிமை முறையை ஒழிக்கும் பதின்மூன்றாம் அரசமைப்புத் திருத்தம் 119க்கு 56 என்று சபையில் நிறைவேறியபோது அவர் அங்கே இருந்தார். சாரிட்டி பட்லரின் தீர்ப்பிலிருந்து அந்த நாளுக்கு நாற்பத்து நான்கு ஆண்டு.

பிறகு பதினான்காம் திருத்தம். பாப்பா அந்த ஊர் ஆஸ்பத்திரியில் பிறந்த அன்றே அந்நாட்டுக் குடிமகள் ஆனாளே, அது அந்தத் திருத்தத்தின் முதல் பிரிவால். சட்டத்தின் சமமான பாதுகாப்பு எல்லோருக்கும் உண்டு என்று நீ கோர்ட்டில் எடுத்துச் சொல்லும் வாசகமும் அதே பிரிவில் இருக்கிறது. ஸ்டீவன்ஸ் விரும்பிய அளவுக்கு அது வரவில்லை. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமையை அது நேராகத் தரவில்லை. 1866 ஜூனில் அவர் சபையில் எழுந்து, என் வாழ்நாள் கனவு கலைந்தது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, இவ்வளவு குறையுள்ளதை ஏன் ஏற்கிறேன் என்றால் நான் தேவதூதர்கள் நடுவே வாழவில்லை, மனிதர்கள் நடுவே வாழ்கிறேன் என்றார். இந்த வார்த்தையை அரசியல்வாதிகள் எதற்கும் சாக்காக எடுத்துக்கொள்ளலாம். நீ அப்படி எடுத்துக்கொள்ளாதே. அவர் விட்டுக்கொடுத்தது வலிமையானவர்களோடு பேரம் பேசி, எளியவர்களுக்குக் கிடைக்கக்கூடியதைக் கிடைக்கச் செய்வதற்காக. எளியவர்களிடமிருந்து எடுத்து வலிமையானவர்களுக்குக் கொடுத்ததற்கு அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது.

வீடும் நிலமும் இல்லாமல் உரிமை மட்டும் இருந்தால் அது நிற்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். 1865 செப்டம்பரில் லங்காஸ்டரில் பேசும்போதே, கலகம் செய்த பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற ஒவ்வொரு ஆணுக்கும் நாற்பது ஏக்கர் கொடுக்க வேண்டும் என்று திட்டம் சொன்னார். 1867இல் மசோதாவாகவும் கொண்டுவந்தார். சொந்தக் கட்சியே பின்வாங்கியது. குடியிருக்க இடம் தராமல் வெளியே விட்டவர்களின் கதி பின்னால் என்னவாயிற்று என்பதை அந்த நாட்டு வரலாறு நூறு ஆண்டுகள் காட்டியது. வாடகை வீட்டிலிருந்து இறக்கி விடப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவி நீக்கும் விசாரணையின்போது, 1868இல், அவரால் நடக்க முடியவில்லை. நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டியிருந்ததால், செனட்டில் 35க்கு 19 என்று வந்தும் ஒரே வாக்கு குறைந்து அது தோற்றது. அந்த ஆகஸ்டு 11 அன்று அவர் காலமானார். உடலைக் காங்கிரஸ் கட்டடத்தின் நடு மண்டபத்தில் வைத்தார்கள். லங்காஸ்டரில் பெரிய கல்லறைத் தோட்டங்கள் இருந்தும், இன வேறுபாடு பார்க்காத அந்தச் சின்ன இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணத்தை அவரே எழுதிவைத்து, கல்லில் பொறிக்கச் செய்தார்: தனிமையை விரும்பி இங்கே படுக்கவில்லை, மற்றக் கல்லறைகள் விதிப்படி இனத்தால் வரம்பு கட்டியிருப்பதால், படைத்தவன் முன் மனிதர் அனைவரும் சமம் என்று வாழ்நாள் முழுவதும் சொன்னதைச் சாவிலும் காட்டவே இங்கே இருக்கிறேன் என்று. நீ எனக்கு வாசித்துக் காட்டியபோது உன் குரல் தழுதழுத்தது. அந்தப் பிள்ளையைத்தான் நான் வளர்த்தேன். அதில் எனக்கு ஐயம் இல்லை.

இன்னும் ஒன்று, இது தாய்க்கு மட்டும் பெரிதாகத் தெரியும் சங்கதி. தொழிலில் காசு வந்ததும் அவர் தன் தாய்க்கு வெர்மாண்டில் 250 ஏக்கர் பண்ணையும் பதினான்கு கறவை மாடுகளும் வாங்கிக் கொடுத்தார். அவ்வப்போது ஒரு தங்கக் காசும் கொடுப்பார், அவள் அதைத் தேவாலயத்து உண்டியலில் போட்டுவிடுவாள். வாழ்க்கையில் அடைந்த மிகப் பெரிய மகிழ்ச்சி அதுதான் என்றார். உயிலில், தாயின் கல்லறையின் நான்கு மூலைகளிலும் வசந்தம் வரும்போதெல்லாம் ரோஜாச் செடி நட வேண்டும் என்று அதற்கும் பணம் ஒதுக்கியிருந்தார். மீதியில் இன வேறுபாடு இல்லாத அநாதைப் பிள்ளைகள் இல்லம் ஒன்றைச் சொல்லியிருந்தார். அது இன்று லங்காஸ்டரில் அவர் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரியாக இருக்கிறது. நீ எனக்கு மாதாமாதம் அனுப்புவதில் ஒரு குறையும் இல்லை. அந்தப் பணம் எந்தக் கட்டிலிருந்து வருகிறது என்று இத்தனை நாள் நான் கேட்டதில்லை. இப்போது அதைச் செலவழிக்கக் கை வரவில்லை; தபால் நிலையக் கணக்கில் அப்படியே கிடக்கிறது. அப்பாவிடம் சொல்லவில்லை.

அதே கம்பெனியின் இரண்டாவது கட்டடத்துக்கான கட்டு உன் மேசைக்கு வந்திருப்பதாகவும், வரும் மாதம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்பதாகவும் மருமகள் சொன்னாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, அவள் சொன்னது உன்மேல் உள்ள கவலையால். நீ அதை எடுக்கலாம், வேறு ஒருவரிடம் கொடுக்கலாம், அல்லது எதிர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு நாள் கணக்கை விளக்கிச் சொல்ல யாராவது இருக்கிறார்களா என்று பார்க்கலாம். சட்டத்தில் எது முடியும், எது கூடாது என்று உனக்குத்தான் தெரியும். எதை முடிவு செய்தாலும் நோட்டீஸில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பு எனக்குத் தொலைபேசியில் சொல். நடு இரவாக இருந்தாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா